செருப்பையும் கொடுத்துவிட்டு

"பதினாலு கத்தி, ஒன்பது கேடயம், நாலு மூட்டை இரும்பு. இதெல்லாம் எங்க வெச்சிருக்கான் இவன்?"

"பையில."

"அந்தப் பை எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது."

"இத்தினியும் தூக்கிக்கினு மலை மேல ஓடறான். மூச்சுகூட வாங்கல."

"அதான் என் மோடு, தேவா. எல்லாத்துக்கும் எடையை ஜீரோ பண்ணிட்டேன். இனிமே எவனும் எதையும் கீழ போட்டுட்டுப் போவ வேணாம்."

"எங்க வீட்டுத் தறியில நூல் சுத்தின பாவு உருளை ஒண்ணைத் தோள்ல வெச்சிகினு பத்தடி நடந்து பாரு. அப்புறம் பேசு."

"எங்க வீட்லயும்தான் பாவு இருக்குது. அதைத் தூக்கக் கூடாதுன்னுதான் எம்.சி.ஏ. படிச்சிகினு இருக்கேன்."

"தூக்க ஒண்ணும் இல்லேன்னா அப்புறம் மலை எதுக்கு? சமதரையா போட்டுடேன்."

உதயா சிரித்தான். நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "சரி, உனக்கு இன்னா வேணும்? கேளு, செஞ்சு தரேன்."

"இப்ப வேணாம். வெச்சிருக்கேன். அப்புறம் கேக்கிறேன்."

"எத்தினி நாளைக்கு வெச்சிருப்பே?"

"உன் மோடுலதான் எதுக்கும் எடை இல்லையே. இருக்கட்டும்."

இது 2002-இல், திருப்பதி பாலாஜி காலனியில் ஒரு நெட் சென்டரில் நாங்கள் பேசியது. நான் தேவசேனா. உதயா என் அத்தை மகன். நகரியில் இரண்டு வீடும் ஒரே தெருவில், அடுத்தடுத்து. இரண்டு வீட்டிலும் விசைத்தறி. நாங்கள் கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குத் தெரியும். அதனால் தனியாக உட்கார்ந்து பேசினாலும் ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்டோன்ஃபெரி. ஒரு வழிப்போக்கன் மலைநாடு முழுவதும் அலைவான். கிடைத்ததை எடுத்துப் பையில் போடுவான். பைக்கு ஒரு அளவு உண்டு. மீறினால் கால் நகராது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதே பாதி விளையாட்டு. கம்பெனி செய்து விற்ற அந்த விளையாட்டைத் திறந்து, தனக்குப் பிடித்தபடி மாற்றி, மற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கிறவர்கள் உலகம் பூராவும் இருந்தார்கள். அப்படி மாற்றியதற்குத்தான் மோடு என்று பெயர். உதயாவின் மோடை நாற்பதாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். கல்யாணப் பந்தலில்கூட அந்த எண்ணை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து வீட்டார் முன்னால் அவன் எனக்கு 'ஏங்க' ஆனான். தனியாக இருக்கும்போது மட்டும் பழையபடி உதயா.

கல்யாணம் முடிந்து திருப்பதியிலேயே, கொர்லகுண்டாவில் மாடி வீடு ஒன்றில் குடியேறினோம். அவனுக்குச் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. திங்கள் விடிந்ததும் ரயிலேறினால் சனிக்கிழமைதான் திரும்புவான். நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காலை வகுப்புகள் எடுத்தேன். மத்தியானத்துக்கு மேல் வீடும் கம்ப்யூட்டரும் எனக்கு மட்டும்.

ஒரு சனிக்கிழமை ஸ்டோன்ஃபெரியைத் திறந்தேன். அவனுடைய மோடை எடுத்துவிட்டு விளையாடினேன். பை நிறைந்தது, கால் நின்றது. கத்தியை விடுவதா, ரொட்டியை விடுவதா என்று கால் மணி நேரம் யோசித்தேன். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் நான் கொர்லகுண்டாவில் இருப்பது நினைவுக்கு வந்தது. உதயா வந்ததும் இதைச் சொன்னேன்.

"பருப்பு தீய்ஞ்சதுக்கு இது ஒரு சாக்கா?" என்றான்.

"உன் மோடு போட்டு ஆடினப்ப ஒரு நாள்கூட பருப்பு தீயல. அதைத்தான் சொல்றேன்."

"எனக்கு நேர்மாறு, தேவா. நடுவுல நின்னு பையைப் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்துகினு இருந்தா கதை அறுந்து பூடுது. பை நினைப்பே இல்லேன்னாதான் உள்ள போவ முடியும்."

"பையே நினைப்புல இல்லேன்னா நடக்கறவன் யாரு?"

அவன் பருப்பில் தீயாத பக்கமாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எடை தெரிய வேண்டும். பையைப் பிரித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரு வழி வேண்டும். அது எனக்கு அலிபிரியில் கிடைத்தது.

திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் மூட்டையைக் கொடுத்துவிடலாம். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் சீட்டு தருவார். மூட்டை லாரியில் மேலே போய்விடும். நாம் படியேறிப் போய்ச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நான் எத்தனையோ முறை அப்படி ஏறியிருக்கிறேன். அந்த ஜன்னலை அப்படியே ஸ்டோன்ஃபெரி மலைக்கணவாயின் அடியில் கொண்டுபோய் வைத்தேன். பையின் எடையை விளையாட்டில் இருந்ததைவிட இன்னும் இறுக்கினேன். நூலை நிறுத்துக் கொடுத்து, துணியை நிறுத்து வாங்குகிற தெருவில் பிறந்தவள். எது எவ்வளவு கனக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜன்னலில் பையைக் கொடுத்தால் சீட்டு கிடைக்கும். கையில் ஒரு கத்தி, மடியில் ஒரு ரொட்டி. அதோடு கணவாய் ஏறலாம். பை மாட்டு வண்டியில் மேலே வரும். ஐந்து மாதம் உழைத்து, எனக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு வெளியிட்டேன்.

இரண்டாம் நாளே திட்டி எழுத ஆரம்பித்தார்கள். கணவாயில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

தேடிப் பார்த்ததில் தப்பு என்னுடையதுதான். மூட்டையைக் கொடுக்கும்போது செருப்பையும் சேர்த்துக் கொடுப்பதாக எழுதியிருந்தேன். அதை யோசித்துக்கூட எழுதவில்லை. மலையேறுகிறவன் செருப்பை அவிழ்க்காமல் எப்படி ஏறுவான்? எனக்குத் தெரிந்த மலை வெறுங்காலோடு ஏறுகிற மலை. அந்த மலையிலோ முழங்கால் அளவு பனி. நான் பனியைப் பார்த்ததே இல்லை. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த வழிப்போக்கர்கள் என் ஜன்னலில் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பாதி மலையில் கால் விறைத்து விழுந்தார்கள்.

சனிக்கிழமை உதயா வந்து கடிதங்களைப் படித்துப் படித்துச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

"ஒரு வரி, தேவா. செருப்பைக் கால்லயே வுட்டுடு. அஞ்சு நிமிஷ வேலை."

"முடியாது."

"ஆளுங்க செத்துகினு இருக்காங்க."

"சாவாம பாத்துக்கறேன். செருப்பு மட்டும் ஜன்னல்லதான் இருக்கும்."

"இன்னாத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

"பூட்ஸ் போட்டுகினு ஓடறவனுக்கு அது வெறும் ரோடு. கால்ல கல்லு குத்தினாதான் எங்க போறோம்னு பாப்பான்."

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மண்டபம் கட்டினேன். அதில் ஒரு கணப்பு. உட்கார்ந்து காலைச் சூடாக்கிக்கொண்டால் அடுத்த மண்டபம் வரை தாங்கும். சாவு நின்றது. திட்டு மட்டும் நிற்கவில்லை. 'இந்தப் பைத்தியத்துக்குச் செருப்பின் மேல் என்ன விரோதம்' என்று ஒருவன் எழுதியதற்கு நூறு பேர் ஆமாம் போட்டார்கள். நான் அசையவில்லை.

பிறகு வேறு மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கின. நார்வேக்காரர் ஒருவர் எழுதினார்: 'இந்தக் கணவாயை நாற்பது முறை தாண்டியிருக்கிறேன். உங்கள் மூன்றாவது மண்டபத்தில் கோபத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் கீழே ஒரு ஏரி இருப்பதைப் பார்த்தேன்.' அந்த ஏரி முதல் நாளிலிருந்து அங்கேயேதான் இருந்தது.

2007 ஏப்ரலில் உதயாவின் கம்பெனி அவனை டல்லாஸுக்கு அனுப்ப முடிவு செய்தது. இரண்டு வருஷம், நீளவும் நீளலாம். நகரியில் அத்தை தெரு முழுக்க இனிப்பு கொடுத்தாள். எல்லாம் தானாகவே முடிவாயிற்று. அவன் மே கடைசியில் கிளம்புவான். நான் வேலையை விட்டுவிட்டு நகரிக்குப் போய் அத்தையோடு இருப்பேன். ஏழெட்டு மாதத்தில் மனைவிக்கான விசா வந்ததும் நானும் போவேன். அந்த விசாவில் போகிறவர்கள் அங்கே வேலை செய்யக் கூடாது என்பதை உதயா ஒரு தகவலாகச் சொன்னான். ஐந்து வருஷத்தில் முதல் முறையாக, எனக்கு இன்னது வேண்டும் என்று கேட்க வாய் வரை வந்தது. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

அதே மாதக் கடைசியில் பெங்களூரிலிருந்து எனக்கு மெயிலில் ஒரு கடிதம் வந்தது. விளையாட்டுகள் செய்கிற ஒரு புதுக் கம்பெனி. முதல் வரியே செருப்பைப் பற்றியதுதான்: கணவாயில் செருப்பைக் கழற்ற வைத்தவர் யார் என்று தேடிப் பிடித்தோம் என்று இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரின் போனில் இரண்டு முறை பேசினார்கள். ஆட்டக்காரன் எதைத் தூக்குவான், எவ்வளவு தூக்குவான், எங்கே இறக்குவான் என்பதை அமைப்பதுதான் வேலை. ஜூன் நாலாம் தேதி சேர வேண்டும். கடிதத்தை அச்சடித்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு தாள்தான். மூன்று வாரம் சுமந்தேன்.

இடையில் விசாவுக்காக, கல்யாணச் சான்றிதழில் முத்திரை வாங்கச் சித்தூர் போனோம். ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர் தெலுங்கில் ஒவ்வொன்றாகக் கேட்டு உதயாவின் கையில் இருந்த படிவத்தைப் பூர்த்தி செய்யச் சொன்னார்.

"பார்ய உத்யோகம்?" மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"ஹவுஸ் வைஃப் அண்டி," என்று சொல்லி எழுதியும் விட்டான் உதயா.

நான் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டு மேலே 'டீச்சர்' என்று எழுதினேன். ஜன்னல்காரர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்க மாட்டோம், வேறு படிவம் வாங்கி வாருங்கள் என்றார். வேறு படிவம் வாங்கி வந்தோம். அதையும் நானே எழுதினேன்.

திரும்பும் பஸ்ஸில் உதயா மெதுவாகக் கேட்டான். "ஒரு வார்த்தைதானே? எப்படியும் வேலையை வுடப் போறே. அதான் சுலபமா இருக்கட்டும்னு."

"என்னையும் ஜீரோ பண்ணிட்டே."

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல. பாகாலா வந்தா எழுப்பு." கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை.

அவன் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அத்தையும் மாமாவும் நகரியிலிருந்து வந்தார்கள். அத்தை பெயர் வள்ளி; மாமா செங்கல்வராயன். மகன் போவதற்கு முன் குடும்பத்தோடு மலைக்கு நடந்து வருவதாக அத்தை வேண்டியிருந்தாள். மாமா தறிக்கொட்டகையிலிருந்து நூல் நிறுக்கிற தராசையே தூக்கி வந்திருந்தார். உதயாவின் பெட்டி அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இருபத்திரெண்டரை," என்றாள் அத்தை. "இருபத்திமூணு வரைக்கும் வுடுவானாம். அரைக் கிலோ மிச்சம் இருக்குது. மாங்காத் தொக்கு வெச்சிடு."

"அங்கயும் மாங்கா கெடைக்கும்மா."

"அந்த மாங்காயை நீயே துன்னு. இது போவட்டும்." என் பக்கம் திரும்பினாள். "உனக்கு இன்னாம்மா, நகரி வரைக்கும் ஒரு பை போதும். நிறுக்கவே வேணாம்."

மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அத்தை அதைக் கவனித்தாள் என்றே நினைக்கிறேன்; ஆனால் தொக்கு பாட்டிலைச் சுற்றப் பழைய துண்டு தேடப் போய்விட்டாள்.

மறுநாள் விடிகாலையில் அலிபிரி. கம்பி ஜன்னலில் எல்லோருடைய பையும் போயிற்று. செருப்புகளை ஒரு துணிப்பையில் போட்டு அதையும் கொடுத்தோம். அத்தை என் கைப்பையைப் பிடித்தாள்.

"அதையும் போடு. எதுக்குச் சுமந்துகினு?"

"வேணாம் அத்தை. இதை நானே தூக்கிக்கினு வரேன்."

"அதுல இன்னா அவ்ளோ பெரிய சரக்கு?" என்றார் மாமா.

"ஒரு தாளு, மாமா."

"தாளுக்கா இத்தினி பிடி?"

உதயா என்னைப் பார்த்தான். அவனுக்கு என் பிடி தெரியும். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான்.

ஏறினோம். அத்தை ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து வந்தாள். மாமா இரண்டு படிக்கு ஒருமுறை நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோல் மூச்சு வாங்கினார். காலிகோபுரம் தாண்டி ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். கல் இன்னும் குளிர்ந்திருந்தது. கீழே திருப்பதி சின்னதாகத் தெரிந்தது. நான் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டேன்.

"ஜூன் ஒண்ணாம் தேதி நல்ல நாளு," என்றாள் அத்தை, எனக்கு இட்லி வைத்தபடி. "வண்டி வெச்சி சாமான் எல்லாம் நகரிக்கு ஏத்திடலாம். அந்தக் கம்ப்யூட்டரை வித்துடுங்க. அங்க வெக்க எடம் இல்ல."

"நான் நகரிக்கு வரல, அத்தை."

அத்தையின் கை பொட்டலத்தின் மேலேயே நின்றது.

"வராம? அவன் பூட்ட பிறகு தனியா இங்க இன்னா பண்ணுவே?"

"இங்கயும் இருக்கப் போறதில்ல."

"இன்னாடா இது?" என்று மாமா மகனைக் கேட்டார். "பொண்டாட்டி ஒண்ணு சொல்றா, நீ ஒண்ணு சொல்றே."

"எனக்கும் இப்பதான் தெரியும், நைனா," என்றான் உதயா.

கைப்பையைத் திறந்து அந்தத் தாளை அவனிடம் கொடுத்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. அவன் முதல் வரியைப் படித்தான். திரும்பவும் படித்தான். பிறகு கடைசி வரை போய், தேதியைப் பார்த்தான்.

"மூணு வாரமா வெச்சிருக்கே."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"உன் பெட்டியை நிறுத்துகினு இருந்தாங்க."

'உன்' என்றதும் அத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் திருத்திக்கொள்ளவில்லை.

"இன்னா எழுதியிருக்குது, படிடா," என்றார் மாமா.

"பெங்களூர்ல வேலை, நைனா. கேம் செய்யற கம்பெனி. இவ செஞ்சதைப் பாத்துட்டுக் கூப்புட்டிருக்காங்க." அவன் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "செருப்புக்காக. அதை எடுத்துடுன்னு நான் சொன்னேன்."

"செருப்புக்காக வேலையா?" மாமாவுக்குப் புரியவில்லை. "செருப்புக் கடையா?"

"இல்ல, மாமா. எதைத் தூக்கிக்கினு போலாம், எதை எங்க இறக்கி வெக்கலாம்னு முடிவு பண்ற வேலை."

"அதைத்தாம்மா வீட்ல எல்லாப் பொம்பளையும் பண்றா," என்றாள் அத்தை.

"ஆமா, அத்தை. எனக்கு மட்டும் மத்தவங்க முடிவு பண்ணிட்டீங்க. நகரிக்கு ஒரு பை, அப்புறம் டல்லாஸ்ல ஒரு வீடு. எங்க வெச்சா எடை கம்மின்னு பாத்து வெச்சிட்டீங்க. உங்க மேல கோவம் இல்ல. ஆனா போவ மாட்டேன்."

"புருஷன் போற எடத்துக்குப் பொண்டாட்டி போறதுதானே வழக்கம்? நான் உங்க மாமா பின்னாடி வரல?"

"பக்கத்து வீட்டுக்கு வந்தீங்க, அத்தை."

மாமாவுக்குச் சிரிப்பு முட்டியது. இட்லியை வாயில் போட்டு அடக்கினார். அத்தை அவரை முறைத்தாள். ஆனால் அவள் கையும் பொட்டலத்தைவிட்டு நகர்ந்து, என் இலையில் விட்டுப்போன சட்னியை ஊற்றியது.

உதயா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். அதைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தான். கனம் பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்ப நீ பெங்களூரு, நான் டல்லாஸ். அதைச் சொல்லத்தான் இத்தினி படி ஏறி வந்தியா?"

"அதைச் சொல்ல அலிபிரியே போதும்."

"பின்ன?"

எங்களைத் தாண்டி ஒரு குடும்பம் கோவிந்தா சொல்லிக்கொண்டு ஏறிப் போயிற்று. அவர்கள் போகும் வரை காத்திருந்தேன். அவனுடைய கம்பெனிக்குப் பெங்களூரில் பெரிய ஆபீஸ் இருந்தது, கேட்டால் மாற்றிக்கொடுப்பார்கள். இதெல்லாம் எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். சொல்ல வேண்டியது அது இல்லை. மற்றவர்கள் கேட்கும்படியாகவே, அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"உதயா. நெட் சென்டர்ல ஒண்ணு கேளுன்னு சொன்னே. வெச்சிருக்கேன்னு சொன்னேன். இப்ப கேக்கிறேன். டல்லாஸ் வேணாம்னு சொல்லிட்டு, நீ என் பின்னாடி பெங்களூருக்கு வா."